53-வது இடம் யாருக்கு?

2000-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு வீடு. அங்கே ஒரு வாலிபர் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தார். தாயும் தந்தையும் பக்கத்தில் இருந்தார்கள்.

டெலிவிஷனில் ஒவ்வொரு பெயராக வந்துகொண்டிருந்தது. அவருடைய பெயர் மட்டும் வரவில்லை.

நூறு பெயர் வந்துவிட்டது. அவர் பெயர் இல்லை.

நூற்றைம்பது பெயர் வந்துவிட்டது. அப்போதும் இல்லை.

வாலிபருக்கு மனம் தாங்கவில்லை. எழுந்து வெளியே நடக்கப் போய்விட்டார்.

கடைசியில், 199-வது பெயராக அவர் பெயர் வந்தது!

அவர் யார் தெரியுமா?

அவர்தான் டாம் பிராடி. பிற்காலத்தில் அமெரிக்கக் கால்பந்தின் பெரிய கோப்பையை ஏழு முறை வென்றவர். அவ்வளவு வென்ற ஆட்டக்காரர் வேறு ஒருவரும் இல்லை. 2011-ம் ஆண்டில், பெயரும் புகழும் வந்த பிறகு, அந்த ஏப்ரல் நாளைப் பற்றி அவரிடம் கேட்டார்கள். பெற்றோரை நினைத்துச் சொல்லும்போதே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "198 பேருக்குப் பிறகா இவரை எடுத்தார்கள்? அவர்களுக்குக் கண் இல்லையா?" என்கிறார்கள்.

நான் வேறு கேள்வி கேட்கிறேன். எடுத்த பிறகு அவரை எப்படி வைத்துக்கொண்டார்கள்?

ஏப்ரலில் யாரை எடுத்தார்கள் என்பதைவிட, ஆகஸ்டில் யாரை வைத்துக்கொண்டார்கள் என்பதே பெரிது. இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

கையால் ஆடும் கால்பந்து

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

அமெரிக்கர்கள் இதைக் கால்பந்து என்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். பந்து முட்டை வடிவில் இருக்கும். இரண்டு முனையும் கூராக இருக்கும். மைதானம் 100 கெஜம் நீளம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். எல்லோர் தலையிலும் கவசம் உண்டு.

பந்தை வைத்திருக்கும் கோஷ்டிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரியிடம் போய்விடும்.

கோஷ்டியில் முக்கியமானவர் ஒருவர் உண்டு. அவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். பந்து முதலில் அவர் கைக்கு வரும். தூரத்தில் ஓடும் ஆளுக்கு எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா என்று அவர் நொடியில் முடிவு செய்ய வேண்டும். தேருக்குச் சாரதி எப்படியோ, கோஷ்டிக்கு அவர் அப்படி.

டாம் பிராடியும் ஒரு சாரதிதான்.

தோற்றவருக்கு முதல் மரியாதை

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் 32 கோஷ்டிகள் இருக்கின்றன. கல்லூரிகளில் நன்றாக ஆடும் வாலிபர்களை இந்தக் கோஷ்டிகள் ஆண்டுதோறும் ஏப்ரலில் பங்கு போட்டுக்கொள்கின்றன. இதற்கு "டிராப்ட்" என்று பெயர். நாம் "ஆள் எடுப்பு" என்று சொல்வோம்.

இதில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. முந்தின ஆண்டு யார் மிக மோசமாகத் தோற்றார்களோ, அவர்கள்தான் முதலில் ஆள் எடுக்கலாம். சாம்பியன் கடைசியில்தான் எடுக்க வேண்டும். இப்படி ஏழு சுற்று நடக்கும். மொத்தம் சுமார் 250 பேரை எடுப்பார்கள்.

இந்த யோசனையைச் சொன்னவர் பெர்ட் பெல். அவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் கோஷ்டியின் முதலாளி. அந்தக் காலத்தில் பணக்காரக் கோஷ்டிகள் நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போயின. ஏழைக் கோஷ்டிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. பெர்ட் பெல்லின் கோஷ்டியும் அதில் ஒன்று. "எப்போதும் சிலரே ஜெயித்தால் ஆட்டம் பார்க்க யார் வருவார்கள்?" என்பது அவருடைய வாதம். 1935-ல் மற்ற முதலாளிகளும் இதை ஒப்புக்கொண்டார்கள்.

1936-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் முதல் ஆள் எடுப்பு நடந்தது. ஒன்பது கோஷ்டிகள் வந்தன. 81 பேரை எடுத்தார்கள்.

முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். சிகாகோ பல்கலைக்கழக மாணவர். 1935-ல் கல்லூரி ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர் என்று பரிசு பெற்றவர்.

அவர் என்ன ஆனார் தெரியுமா? லீக்கில் ஒரு பந்தயம்கூட ஆடவில்லை!

ஆக, முதல் நாளிலேயே பாடம் கிடைத்துவிட்டது. முதல் எண் கிடைத்தவர் எல்லாம் முதல் ஆட்டக்காரர் ஆகிவிடுவதில்லை. ஆனால் அந்தப் பாடத்தை ரசிகர்கள் இன்னும் படிக்கவில்லை.

நானும் படிக்கவில்லை!

என் கோபம்

நான் கிரீன்பே பாக்கர்ஸ் கோஷ்டியின் ரசிகன். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிரீன்பே விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள சிறிய ஊர். ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். நியூயார்க், சிகாகோ போன்ற பெரிய நகரங்களுடன் இந்தச் சின்ன ஊர் 100 ஆண்டுகளுக்கு மேலாகப் போட்டி போடுகிறது. கோஷ்டி தொடங்கியது 1919-ல்.

இந்தக் கோஷ்டிக்குத் தனி முதலாளி கிடையாது. ரசிகர்கள்தான் பங்கு வாங்கியிருக்கிறார்கள். ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள்! அந்தப் பங்குக்கு லாபம் ஒரு காசு கூடக் கிடைக்காது. அப்படியும் வாங்குகிறார்கள்.

அதனால்தான் எனக்கு அந்தக் கோஷ்டி பிடித்தது. அதனால்தான் அதன்மீது கோபமும் வந்தது.

2005-ம் ஆண்டு. அப்போது பிரட் பார்வ் எங்கள் சாரதி. 1992 முதல் ஒரு பந்தயம்கூட விடாமல் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 35. "பார்வ் இருக்கும்போதே இன்னொரு கோப்பை ஜெயிக்க வேண்டும். அவருக்குத் துணையாக நல்ல ஆளாக எடுங்கள்" என்று ரசிகர்கள் எதிர்பார்த்தார்கள்.

கோஷ்டி என்ன செய்தது? 24-வது ஆளாக இன்னொரு சாரதியை எடுத்தது! அவர் பெயர் ஆரோன் ராட்ஜர்ஸ்.

"தேர் நன்றாக ஓடும்போது இரண்டாவது சாரதி எதற்கு?" என்று நான் பொருமினேன்.

ராட்ஜர்ஸ் மூன்று ஆண்டு ஓரத்தில் உட்கார்ந்தார். பார்வ் ஆடுவதைப் பார்த்தார். 2008-ல் பார்வ் வேறு கோஷ்டிக்குப் போனார். ராட்ஜர்ஸ் தலைமையில் அந்த ஆண்டு 16 பந்தயம் ஆடினார்கள். ஜெயித்தது ஆறுதான்.

"நான் சொன்னேனே!" என்றேன்.

2011-ம் ஆண்டு பிப்ரவரியில் என்ன நடந்தது? ராட்ஜர்ஸ் கோஷ்டி பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 31-25 என்று தோற்கடித்தது. கோப்பை கிரீன்பேக்கு வந்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுபடியும் அதே கதை

பட்டும் புத்தி வரவில்லை. 2020-ல் மறுபடியும் எனக்குக் கோபம் வந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில், இறுதிப் பந்தயத்துக்கு முந்தின பந்தயத்தில் எங்கள் கோஷ்டி தோற்றிருந்தது. ஒரு படி ஏறினால் போதும். ராட்ஜர்ஸ் எறியும் பந்தைப் பிடிக்க ஒரு நல்ல ஆள் வேண்டும். ரசிகர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

கோஷ்டியோ 26-வது ஆளாக ஜோர்டன் லவ் என்ற வாலிபரை எடுத்தது. அவரும் சாரதி!

லவ் மூன்று ஆண்டு காத்திருந்தார். 2023-ல் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸ் கோஷ்டிக்குப் போன பிறகு தலைமை ஏற்றார். அந்த ஆண்டு 17 பந்தயத்தில் ஒன்பதில் ஜெயித்தார்கள். அடுத்த ஜனவரியில் டல்லாஸ் கோஷ்டியை அதன் சொந்த ஊரிலேயே 48-32 என்று வீழ்த்தினார்கள். கோஷ்டியில் பெரும்பாலோர் இளைஞர்கள். கோப்பை அந்த ஆண்டு கிடைக்கவில்லை. ஆனால் தேர் கவிழவில்லை.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் எங்கள் கோஷ்டி தம்பா விரிகுடாக் கோஷ்டியிடம் 31-26 என்று தோற்றது. வித்தியாசம் ஐந்தே புள்ளிகள். "லவ்வுக்குப் பதிலாகப் பந்து பிடிப்பவரை எடுத்திருந்தால் அன்று ஜெயித்திருக்கலாமே!" என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. இன்றைக்குப் பசிக்கிறவனிடம் மூன்று ஆண்டு கழித்துப் பழுக்கும் மரத்தைக் காட்டினால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். சில கோஷ்டிகள் ஒரு நல்ல சாரதி கிடைக்காமல் பத்து, இருபது ஆண்டு அலைகின்றன. கிரீன்பேயில் 1992 முதல் 30 ஆண்டுக்கு மேல் மூன்றே சாரதிகள். பெரியவர் ஆடும்போதே சின்னவரைப் பக்கத்தில் உட்கார வைத்ததன் பலன் அது.

இரண்டு வாலிபர்கள்

எடுத்த உடனேயே பந்தயத்தில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் கதை உண்டு.

1998-ம் ஆண்டு. முதல் இரண்டு இடத்துக்கு இரண்டு வாலிபர்கள். ஒருவர் பெய்டன் மானிங். இன்னொருவர் ரையன் லீப். இருவரில் யார் பெரியவர் என்று நாடே வாதாடியது. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் கோஷ்டி மானிங்கை முதலில் எடுத்தது. சான்டியாகோ சார்ஜர்ஸ் கோஷ்டி லீபை இரண்டாவதாக எடுத்தது.

லீப் தம் மூன்றாவது பந்தயத்தில் 15 முறை பந்தை எறிந்தார். ஒன்றே ஒன்றுதான் நம் ஆள் கைக்குப் போனது! ரசிகர்கள் கேலி செய்தார்கள். அவர் பத்திரிகைக்காரரிடம் கத்தினார். ஆண்டு முடிவதற்குள் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். நான்கு ஆண்டில் அவருடைய ஆட்டமே முடிந்துவிட்டது.

"மானிங் மட்டும் முதல் ஆண்டிலேயே வெளுத்துக் கட்டினாரா?" என்று கேட்பீர்கள். இல்லை!

அந்த ஆண்டு மானிங் எறிந்த பந்தை எதிரிகள் 28 முறை பறித்தார்கள். 16 பந்தயத்தில் அவர் கோஷ்டி ஜெயித்தது மூன்றே மூன்று. ஆனாலும் கோஷ்டி அவரை நம்பியது. ஒரு பந்தயத்தில்கூட அவரை உட்கார வைக்கவில்லை. அடுத்த ஆண்டு 16-ல் 13 வெற்றி! பிற்காலத்தில் இரண்டு முறை கோப்பையும் வென்றார்.

முதல் ஆண்டில் இருவருமே தடுமாறினார்கள். ஒருவர் தேறினார். ஒருவர் விழுந்தார்.

லீப் மீது தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவரிடம் அடக்கம் குறைவு. பொறுமையும் குறைவு. ஆனால் அப்போது அவருக்கு வயது 22. பிறகு வலி மருந்துப் பழக்கத்துக்கு அடிமையானார். 2012-ல் சிறைக்குப் போனார். 2014 டிசம்பரில் வெளியே வந்தார். அதன்பின் போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புகிறவர்களுக்கு உதவி செய்யும் வேலையில் இறங்கினார். தம் கதையைத் தாமே மேடையேறிச் சொன்னார்.

"ஏமாற்றிய ஆட்டக்காரர்கள்" என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் போடுகிறார்கள். அதில் லீப் பெயர் தவறாமல் வரும். பட்டியல் போடுகிறவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். அது ஒரு மனிதனின் பெயர். அவனுக்கும் வீடு உண்டு. தாய் உண்டு.

ஆகஸ்டு மாதம்

ஏப்ரல் மாதம் ஒரே கொண்டாட்டம். பெயர் வந்ததும் வாலிபர் மேடை ஏறுவார். புதுத் தொப்பி போடுவார்கள். தாய் கட்டிப்பிடித்து அழுவாள். கூட்டம் ஆரவாரம் செய்யும்.

ஆகஸ்டு மாதம் இன்னொரு சடங்கு நடக்கிறது. அதற்கு மேடை கிடையாது. கூட்டமும் கிடையாது.

கோடையில் ஒரு கோஷ்டி 90 பேர் வரை பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டு கடைசியில் அதை 53 ஆகக் குறைக்க வேண்டும். இது லீக்கின் சட்டம். அதாவது ஒரு கோஷ்டியில் 37 பேர் வரை வெளியே போக வேண்டும். 32 கோஷ்டியையும் சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேல்!

காலையில் ஓர் ஆள் வருவார். "பயிற்சியாளர் கூப்பிடுகிறார். ஆட்டக் குறிப்புப் புத்தகத்தையும் கொண்டு வா" என்பார். அவ்வளவுதான். அந்த வாலிபருக்குப் புரிந்துவிடும்.

சிலருக்குப் பயிற்சிக் குழுவில் இடம் கிடைக்கும். ஒரு கோஷ்டிக்கு 16 பேர் வரை அப்படி இருக்கலாம். சிலரை வேறு கோஷ்டி கூப்பிடும். மற்றவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போவார்கள்.

50 பேரை முடிவு செய்வது அவ்வளவு கஷ்டம் அல்ல. கடைசி இரண்டு மூன்று இடம்தான் கஷ்டம். அந்த 53-வது இடம் யாருக்கு? அனுபவசாலிக்கா? இன்னும் பழுக்காத வாலிபனுக்கா?

இனி டாம் பிராடியிடம் திரும்புவோம்.

நான்காவது சாரதி

2000-ம் ஆண்டில் பிராடியை எடுத்தது நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கோஷ்டி. அப்போது அவர் ஒல்லியாக இருந்தார். ஓட்டமும் மெதுவு. 40 கெஜம் ஓட 5.28 வினாடி எடுத்துக்கொண்டார். அவருக்கு முன்னால் ஆறு சாரதிகளை மற்ற கோஷ்டிகள் எடுத்துவிட்டன.

பேட்ரியட்ஸ் கோஷ்டியில் ஏற்கெனவே மூன்று சாரதிகள் இருந்தார்கள். தலைமைச் சாரதி டிரு பிளெட்சோ. அவர் 1993-ல் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர்.

சாதாரணமாக ஒரு கோஷ்டி இரண்டு சாரதிகளை வைத்துக்கொள்ளும். மிஞ்சினால் மூன்று. நான்கு பேரை வைத்தால், வேறு வேலைக்கு ஓர் ஆள் குறையும்.

பயிற்சியாளர் பில் பெலிசெக் நான்கு பேரையும் வைத்துக்கொண்டார்!

அந்த ஆண்டு முழுவதும் பிராடி எறிந்த பந்து எத்தனை? மூன்று. அதில் நம் ஆள் கைக்குப் போனது ஒன்று. கணக்குப் பார்க்கிறவர்கள், "ஓர் இடம் வீண்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

2001 மார்ச்சில் பிளெட்சோவுக்குப் பத்து ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் எழுதினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பந்தயத்தில் அவருக்குப் பலத்த அடி பட்டது. வேறு வழியில்லை. பிராடியை இறக்கினார்கள்.

2002 பிப்ரவரியில் பேட்ரியட்ஸ் கோஷ்டி கோப்பையை வென்றது!

பிராடியை 199-வதாக எடுத்தது அதிர்ஷ்டமாக இருக்கலாம். ஆனால் நான்காவது ஆளாக ஓர் ஆண்டு வைத்துக் காப்பாற்றியது அதிர்ஷ்டம் அல்ல. அது ஒரு முடிவு. அந்த ஆகஸ்டில் அவரை அனுப்பியிருந்தால் கோஷ்டியின் கதையே மாறியிருக்கும்.

பலசரக்குக் கடை

அந்த இறுதிப் பந்தயத்தில் எதிர்க் கோஷ்டியின் சாரதி யார்? அவர் கதை இன்னும் பெரிது.

அவர் பெயர் கர்ட் வார்னர். 1994-ம் ஆண்டு ஆள் எடுப்பில் ஏழு சுற்றிலும் அவரை யாருமே எடுக்கவில்லை. 199-வது இடம்கூட இல்லை!

ஒரு கோஷ்டி மட்டும் பயிற்சிக்குக் கூப்பிட்டது. பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்று அனுப்பிவிட்டது.

எந்தக் கோஷ்டி தெரியுமா? என் கிரீன்பே கோஷ்டிதான்!

வார்னர் ஊருக்குப் போனார். இரவு நேரத்தில் ஒரு பலசரக்குக் கடையில் சாமான் அடுக்கும் வேலை பார்த்தார். மணிக்கு ஐந்தரை டாலர் கூலி. பிறகு சின்னச் சின்னக் கோஷ்டிகளில் ஆடினார். ஐரோப்பாவுக்கும் போய் ஆடினார். 1998-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் கோஷ்டியில் இடம் கிடைத்தது. 1999 ஆகஸ்டில் அங்கே தலைமைச் சாரதிக்கு முழங்காலில் அடி பட்டது. வார்னர் இறங்கினார். 2000 ஜனவரியில் கோப்பையை வென்றார்!

கிரீன்பேயைக் குற்றம் சொல்லலாமா? எனக்கு மனம் வரவில்லை. அப்போது அங்கே பார்வ் இருந்தார். அவருக்குப் பின்னாலும் நல்ல ஆட்கள் இருந்தார்கள். இடம் இல்லை. ஆனாலும் ஒன்று நிச்சயம். "உனக்கு இங்கே இடம் இல்லை" என்று சொல்வது வேறு. "நீ உதவாதவன்" என்று சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

கடைசி ஆள்

ஆள் எடுப்பில் கடைசியாக வருகிறவருக்கு ஒரு பட்டப் பெயர் வைக்கிறார்கள். "கணக்கில் வராதவர்" என்று அதற்கு அர்த்தம். வேடிக்கைக்காக 1976-ல் தொடங்கிய வழக்கம் அது.

2022-ல் அந்தப் பட்டம் பிராக் பர்டி என்ற சாரதிக்குக் கிடைத்தது. அவர் 262-வது ஆள். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. எடுத்தது சான்பிரான்சிஸ்கோ கோஷ்டி.

அந்தக் கோஷ்டியில் டிரே லான்ஸ் என்ற வாலிபர் இருந்தார். 2021-ல் மூன்றாவது ஆளாக அவரை எடுத்திருந்தார்கள். அவருக்காக மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று இடங்களை இன்னொரு கோஷ்டிக்குக் கொடுத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய விலை!

2022 ஆகஸ்டில் கடைசி ஆளான பர்டியையும் 53 பேருக்குள் வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது சாரதியாகத்தான். செப்டம்பரில் லான்ஸுக்குக் கால் எலும்பு முறிந்தது. டிசம்பரில் இரண்டாவது சாரதிக்கும் அடி பட்டது. பர்டி இறங்கினார். கோஷ்டி ஜெயித்துக்கொண்டே போனது. 2024 பிப்ரவரியில் இறுதிப் பந்தயம் வரை போய், கூடுதல் நேரத்தில்தான் தோற்றது.

2024 ஜனவரியில் எங்கள் லவ்வின் கோஷ்டியை 24-21 என்று தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியதும் இந்தப் பர்டியின் கோஷ்டிதான்!

லான்ஸை 2023-ல் டல்லாஸுக்குக் கொடுத்தார்கள். திரும்பக் கிடைத்தது ஒரே ஒரு நான்காவது சுற்று இடம்.

என் யோசனை

"எல்லா வாலிபர்களையும் வைத்துக்கொள்ள முடியுமா? இடம் 53 தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

பயிற்சியாளரின் சங்கடமும் எனக்குத் தெரியும். இந்த ஆண்டு தோற்றால் அவர் வேலை போய்விடும். மூன்று ஆண்டு கழித்துப் பழுக்கும் வாலிபனால் அவருக்கு என்ன லாபம்? அவன் பழுக்கும்போது அந்த நாற்காலியில் வேறு பயிற்சியாளர் இருப்பார்! அதனால்தான் பலர் இன்றைய ஆளை வைத்துக்கொண்டு நாளைய ஆளை அனுப்பிவிடுகிறார்கள்.

அவர்களை அவசரப்படுத்துவது யார்? ரசிகர்களாகிய நாம்தான். தோற்ற மறுநாளே "மாற்று, மாற்று" என்று கத்துகிறோம். ஆகவே முதலில் நாம் மாற வேண்டும்.

நான் எனக்கே மூன்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று: ஓர் ஆட்டக்காரரைப் பற்றி மூன்று ஆண்டு ஆகும்வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இரண்டு: என் கோஷ்டி கடைசி இடத்தை ஒரு பழுக்காத வாலிபனுக்குக் கொடுத்தால் முணுமுணுக்கக் கூடாது. வயலில் ஒரு மூலையை நாற்றங்காலுக்கு விடுகிறோம். அந்த இடம் வீண் என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை.

மூன்று: ஆட்டத்தைக் குறை சொல்லலாம். ஆளை இழித்துப் பேசக் கூடாது.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்கள். சில பயிர் அப்படித்தான். ஆனால் பிராடி முளையிலே தெரியவில்லை. வார்னர் தெரியவே இல்லை. மெதுவாக விளையும் பயிரும் உண்டு. அதற்குத் தண்ணீர் விட ஒருவர் வேண்டும்.

கிரீன்பேயில் ஒரு திருவிழா

2025 ஏப்ரலில் ஆள் எடுப்பே கிரீன்பேக்கு வந்தது! அந்தச் சின்ன ஊரில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள்.

எங்கள் முறை வந்தது. 23-வது இடம். கோஷ்டியின் தலைவரே மேடைக்கு வந்து பெயரைப் படித்தார். மாத்யூ கோல்டன்! பந்து பிடிக்கும் ஆட்டக்காரர்! 2002-க்குப் பிறகு முதல் சுற்றில் எங்கள் கோஷ்டி அப்படி ஓர் ஆளை எடுத்ததே இல்லை. ரசிகர்கள் 23 ஆண்டு கேட்டது கிடைத்துவிட்டது. கூட்டம் போட்ட கூச்சலில் வானமே அதிர்ந்தது.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. "இவர் பெரிய ஆள்" என்றும் சொல்லவில்லை. "இவர் வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. மூன்று ஆண்டு ஆகட்டும்.

அடுத்த ஆகஸ்டு கடைசியில் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வரும். விலக்கப்பட்டவர்கள் பெயர் அதில் வரிசையாக இருக்கும். முன்பெல்லாம் அதை நான் படித்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு பெயராகப் படிக்கிறேன். அதில் இன்னொரு வார்னர் இருக்கலாம்.